ஃபோம் கிளைடரில் கேமரா வைக்க மோட்டாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி

என்னிடம் 1.4 மீட்டர் இறக்கை உள்ள, ரிமோட்டில் பறக்கும் ஃபோம் கிளைடர் இருக்கிறது. மோட்டார் இறக்கைக்குப் பின்னால், பின்னிருந்து தள்ளும் வகை. 3 செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, அதையும் சேர்த்து மொத்தம் 700 கிராம். ஓராண்டாகப் பறக்கவிடுகிறேன், ஒரு குறையும் இல்லை. மேலேயிருந்து நிலம் எப்படித் தெரியும் என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை, அதனால் சும்மா கிடந்த 75 கிராம் ஆக்‌ஷன் கேமராவை மூக்கு நுனியில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிப் பறக்கவிட்டேன். கையை விட்டதுமே மூக்கு கீழே போய்விட்டது, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) முழுக்க இழுத்துப் பிடித்துத்தான் மேலே கொண்டுபோனேன். த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைத்தால் உடனே இறங்குகிறது. வீடியோவில் மரம், கம்பம் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிகின்றன. பெரிய மோட்டாரும் பெரிய ப்ரொப்பெல்லரும் போட்டால் சரியாகிவிடுமா?

பதில் 1

மோட்டாரைத் தொடாதீர்கள். உங்கள் பிரச்சினை எடை இல்லை, அந்த எடை உட்கார்ந்திருக்கும் இடம். கேமராவும் தாங்கியும் சேர்ந்து 90 கிராம் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள், விமானம் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும், அதாவது உங்களுக்கு 6 சதவீதம் அளவுதான். கொஞ்சம் வேகமாக இறங்கும், அவ்வளவே. ஆனால் ஈர்ப்பு மையத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் 75 கிராம் வைத்தால் 1500 கிராம்-சென்டிமீட்டர் அளவுக்கு மூக்கைக் கீழே அழுத்துகிறது. உங்கள் பேட்டரி எப்படியும் 180 கிராம் பக்கம் இருக்கும், அதை இப்போதிருக்கும் இடத்திலிருந்து 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னால் நகர்த்தினால் கணக்கு நேராகிவிடும். உள்ளே ஃபோமைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கும், இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) வழியில் நின்றால் அதையும் பின்னால் தள்ளுங்கள்.

அப்புறம் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கிப் பாருங்கள். விமானத்தோடு வந்த கையேட்டில் சொன்ன புள்ளியில் சமமாக நிற்க வேண்டும், மூக்கு மிக லேசாகக் கீழே சாய்ந்தால் பரவாயில்லை. வால் கனம் மட்டும் கூடவே கூடாது, மூக்கு கனமான விமானத்தைப் போராடியாவது இறக்கலாம், வால் கனமானது கைக்கே அடங்காது. முதல் தடவை கேமராவுக்குப் பதிலாக அதே எடையில் களிமண் உருண்டையை வைத்துப் பறக்கவிடுங்கள்.

பெரிய ப்ரொப்பெல்லர் வேண்டவே வேண்டாம். விட்டம் ஓர் அங்குலம் கூடினாலே மின்னோட்டம் நிறைய ஏறும், வாட் மீட்டர் வைத்து அளக்காமல் மாற்றினால் இ.எஸ்.சி. கருகிப் போகலாம்.

பதில் 2

வீடியோ நெளிவைப் பற்றி நான் சொல்கிறேன், இதோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். இந்த மாதிரி கேமராக்கள் படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பிடிப்பதில்லை, மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கின்றன. மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 150 குலுக்கல், ஒரு பிரேமைப் படித்து முடிப்பதற்குள் கேமரா சில தடவை ஆடிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு வரியும் வேறு வேறு இடத்தில் பதிவாகிறது. கேமராவுக்கு அடியில் மென்மையான ஸ்பாஞ்ச் வையுங்கள். நல்ல வெயிலில் ஷட்டர் மிக வேகமாக இருக்கும், அப்போது நெளிவு பளிச்சென்று தெரியும். லென்ஸில் என்.டி. 8 ஃபில்டர் போட்டால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும், ஷட்டர் மெதுவாகி நெளிவு மங்கிவிடும்.

பதில் 3

ஃபில்டர் சரி, ஸ்பாஞ்ச் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 75 கிராம் என்பது ரொம்ப லேசான பொருள், அதற்கு அதிர்வு ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் ஸ்பாஞ்ச் அவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும், அப்படி வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் கேமராவே தலையாட்டும். அதிர்வு பிறக்கும் இடத்தில் பிடியுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி நடுத்துளையில் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, கம்பியைக் கிடையாகப் பிடியுங்கள். எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அது கனம். எதிர்ப் பக்க அலகின் (பிளேடின்) பின்புறம் சின்னதாக டேப் ஒட்டி, எங்கே நிறுத்தினாலும் நிற்கும் வரை சமன் செய்யுங்கள். மோட்டார் திருகுகளையும் இறுக்குங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து டேப்பை மட்டும் நம்பாதீர்கள். என் கேமரா ஒரு தடவை பறக்கும்போதே கழன்று பின்னால் போய் ப்ரொப்பெல்லரில் அடித்து, அலகு உடைந்து, விமானம் கையைவிட்டுப் போய்விட்டது. கீழே யாரும் இல்லாததால் தப்பித்தேன். வெல்க்ரோ பட்டை, அதோடு ப்ரொப்பெல்லரை எட்டாத நீளத்தில் ஒரு காப்புக் கயிறு, இரண்டும் வேண்டும். கேமராவின் வைஃபையை அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் அது உங்கள் ரிமோட்டின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ரேஞ்ச் சோதனை (ரிமோட் சிக்னல் தூரத்திலும் எட்டுகிறதா என்று தரையிலேயே பார்ப்பது) செய்த பிறகே பறக்கவிடுங்கள். ஆட்கள், வீடுகள் மேலே போக வேண்டாம், கேமரா விமானத்துக்கு உங்கள் நாட்டில் தனி விதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி 7 சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கிறது, கேமராவை நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததால் அதுவே போதுமாக இருந்தது. களிமண்ணோடு ஒரு தடவை, கேமராவோடு இரண்டு தடவை பறக்கவிட்டாயிற்று, எலிவேட்டர் ட்ரிம் (நேராகப் பறக்க ரிமோட்டில் வைக்கும் சின்னத் திருத்தம்) நடுவிலேயே நிற்கிறது. ப்ரொப்பெல்லரில் ஒரு அலகு நன்றாகவே கனமாக இருந்தது, இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. ஸ்பாஞ்ச் வைக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு மிதக்கும்போது படம் அப்படியே கண்ணாடி மாதிரி, ஏரிக்கரை வளைவு முழுசாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழு த்ராட்டிலில் மட்டும் இன்னும் மெல்லிய நெளிவு மிச்சம் இருக்கிறது.

பதில் 3

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் குறைந்த த்ராட்டிலில் சில நொடிகள் மட்டும் ஓட்டி, உடலில் கை வைத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் மோட்டார் தண்டு லேசாக வளைந்திருக்கலாம், தண்டை மாற்றினால் போதும். அதிர்வே இல்லையென்றால் ப்ரொப்பெல்லரை இன்னொரு தடவை சமன் பாருங்கள், இந்த முறை அலகுகளோடு நடுக் குமிழையும் சேர்த்து.