அடிமரத்தைச் சுரண்டிக் காட்டிய தோட்டக்காரர்

கடைசி செமஸ்டர்:
லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, தோட்டம், திறந்தவெளி வடிவமைப்பு) படிப்பு முடிகிறது. ஸ்டுடியோ, ஜூரி (எங்கள் வடிவமைப்பை மதிப்பிடும் குழு), விடிய விடிய ஷீட் (வரைபடத் தாள்) எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு சைட் விசிட். அங்கே ஒரு மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நாங்கள் அதன் நிழலை அளந்துகொண்டிருந்தோம். தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தால் அடிமரத்து மண்ணைச் சுரண்டினார். ஒரு சாண் ஆழத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் தண்டைச் சுற்றி வளைத்து, பட்டையை நெரித்துக்கொண்டு கிடந்தது. "ஆழமா நட்டுட்டாங்கம்மா. அடி விரியிற இடம் மண்ணுக்கு மேல தெரியணும். கம்பம் மாதிரி நேரா உள்ள போனா சந்தேகப்படு" என்றார். எங்கள் ஷீட்டில் மரம் என்றால் ஒரு வட்டம். இத்தனை ஜூரியில் ஒருவர்கூட நடும் ஆழத்தைக் கேட்டதில்லை.

காண்டூர் பிரியன்:
ஜூரியைக் குறை சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆழமெல்லாம் கட்டுமான விவரங்களைக் காட்டும் டீட்டெயில் டிராயிங்கில் வரும். எங்கள் ஜூரிக்கு வந்த ஒரு மேடம், நண்பனின் ஷீட்டில் பென்சிலை வைத்து, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் காண்டூர் கோடுகளுக்குச் செங்குத்தாக இழுத்துக்கொண்டே வந்தார். மழைத்தண்ணீர் போகும் வழி அது. பென்சில் போய் நின்ற இடம் கட்டடத்தின் வாசல். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி வகுப்பே உட்கார்ந்து, சுவரைவிட்டு விலகி 2 சதவீதச் சரிவாவது இருக்கிறதா என்று பார்த்தது.

சைட்டில் இருப்பவள்:
என் அனுபவம் சின்னது. ரோலர் ஓடிய மண்ணில் செடி நடப் போனோம், கடப்பாரையே இறங்கவில்லை. அதனால் சொல்கிறேன் தங்கச்சி. உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் அரை மீட்டருக்குள்தான் இருக்கும், கிளை விரிப்பையும் தாண்டிப் போகும். இயந்திரம் வருமுன் மரங்களைச் சுற்றி வேலி போடச் சொல். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார், அப்புறம் செடியைத் தேர்ந்தெடு. போர்ட்ஃபோலியோவில் அழகான ரெண்டர் (கணினியில் செய்த படம்) மட்டும் வேண்டாம். கிரேடிங் ஷீட் (நிலச் சரிவைக் காட்டும் வரைபடம்) ஒன்று, மரக்குழியின் வெட்டுத்தோற்றம் ஒன்று கட்டாயம் வை. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1858இல் கால்வெர்ட் வாக்ஸுடன் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் ஜெயிக்கும் முன்பே, அந்த இடத்தில் வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். முதல் வேலையில் சைட் கேள், ஆபீஸ் மேசை அப்புறம் கிடைக்கும்.

கடைசி செமஸ்டர்:
நன்றி அக்கா. காண்டூர் பிரியன், டீட்டெயிலில் வரும் என்கிறீர்கள். அது பழைய ஷீட்டிலிருந்து ஒட்டிய படமாகத்தான் வருகிறது. குழியின் ஆழம் வேரோடு ஒட்டிய மண் உருண்டையான வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்டக்கூடாது என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்?