டெலிவரி வேலை: பார்சல் கணக்கா, மாசச் சம்பளமா?

கணபதி ரைடர்:
கோவையில ரெண்டு இடத்துல வேலைக்குக் கூப்பிடறாங்க. ஒண்ணு ஆன்லைன் ஷாப்பிங் பார்சல் ஹப்: வெண்டர் (ஆள் வெச்சு டெலிவரி பண்ற காண்ட்ராக்டர்) மூலமா, பார்சலுக்கு 14 ரூபாய், பெட்ரோல் நம்மளது. இன்னொண்ணு கூரியர் கம்பெனி: மாசம் 18,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் தனியா. சொந்த பைக் இருக்கு, பத்தாவது பாஸ். தபால்துறை ஜி.டி.எஸ். (கிராமிய டாக் சேவக் வேலை) அறிவிப்புக்குக் காத்திருக்கலாமான்னும் யோசனை. எது நல்லதுங்க?

ரூட் மேப்:
14 ரூபாய் கைக்கு வர்ற பார்சலுக்கு இல்லைங்க, டெலிவரி ஆன பார்சலுக்குத்தான். ரன்ஷீட்ல (அன்னிக்கு டெலிவரி பண்ண வேண்டிய பார்சல் லிஸ்ட்) 80 ஏத்தினா ஆள் இல்ல, போன் எடுக்கல, வேண்டாம்னு 12 திரும்பிடும்னு வைங்க. மீதி 68க்கு 952 ரூபாய். 60 கிலோமீட்டர் ஓட்டினா பெட்ரோல் 135, டயர், ஆயில், பிரேக் ஷூவுக்கு நாளைக்கு 40 ஒதுக்குங்க. நிக்கறது 777. மாசம் 26 நாள் ஓட்டினா 20,200 சொச்சம். லீவு போட்டா அன்னிக்கு ஒண்ணுமில்ல.

அந்தப் பக்கம் 18,000ல பேசிக் 15,000ன்னா பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135 போக 16,065 கையில. ஆனா கம்பெனியும் பி.எஃப்.ல 1,800 போடணும். இ.எஸ்.ஐ. இருந்தா கை கால் உடைஞ்சு படுத்தாலும் சிகிச்சை, சம்பளத்துல ஒரு பங்கு வரும். ரோட்டுலயே இருக்கற வேலைக்கு இது ரொம்பப் பெருசு. 18,000ங்கறது சி.டி.சி.யா (கம்பெனிக்கு நம்மால ஆகற மொத்தச் செலவு), கிராஸா (பிடித்தத்துக்கு முந்தின சம்பளம்)னு மட்டும் முதல்ல கேளுங்க. சி.டி.சி.ன்னா கம்பெனி பங்கும் அதுக்குள்ளயே போயிடும்.

பார்சல் ரேட்டை முடிவு பண்றது ஏரியாதான். சரவணம்பட்டி அபார்ட்மென்ட்ல ஒரே கேட்ல பத்து பார்சல் இறங்கும். அன்னூர் பக்கம்னா ஒண்ணுக்கு ரெண்டு கிலோமீட்டர் ஓடணும். எந்த பின்கோடுன்னு கேக்காம ஒத்துக்காதீங்க.

ஹப் கணக்கு:
வெண்டர் கிட்ட சம்பளம் குறையறதே டெபிட்லதான், அதாவது குறையற பணத்தையும் பொருளையும் நம்ம கணக்குல பிடிக்கறதுல. ரெண்டு இடம் கவனிங்க.

கேஷ் ஆன் டெலிவரி பணம்: ராத்திரி கேஷியர் முன்னாடியே எண்ணிக் குடுத்து, ஆப்ல பாக்கி பூஜ்யம் ஆனதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டுத்தான் கிளம்பணும். "நாளைக்கு என்ட்ரி போடறேன்"னு சொன்னா நகராதீங்க. கஸ்டமர் க்யூ.ஆர்.ல கட்டினா கம்பெனி க்யூ.ஆர். மட்டும் காட்டுங்க, சொந்த ஜிபே நம்பர் வேண்டவே வேண்டாம்.

ரிட்டர்ன் பிக்கப்: செல்போன்னா ஐ.எம்.இ.ஐ. நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி நம்பர்) ஆப்ல இருக்கறதோட ஒப்பிடணும், துணின்னா டேக் இருக்கணும். வேற பொருளை வாங்கிட்டு வந்தா முழு விலையும் ரைடர் தலையில. அவசரத்துல பெட்டியப் பிரிக்காம வாங்கறவங்கதான் மாட்டறாங்க.

போகாமலே "ஆள் இல்லை"ன்னு ரிமார்க் போடாதீங்க. கால் லாக், ஜி.பி.எஸ். ரெண்டையும் பாத்து ஐடியை முடக்கிடுவாங்க.

வெண்டர் பில்லுல 1% டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சா வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ணித் திரும்ப வாங்கலாம். நிறைய பேர் விட்டுடறாங்க, அது நம்ம காசு.

கிளை அஞ்சல்:
ஜி.டி.எஸ்.க்கு பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்தான். டாக் சேவக்குக்கு மாசம் 10,000ல ஆரம்பம், அகவிலைப்படி தனி. வேலை 4 மணி நேரம், 65 வயசு வரைக்கும் இருக்கலாம். ஆனா மத்திய அரசு ஊழியர் பென்ஷன் இதுக்குக் கிடையாது. மார்க் 90%க்குக் கீழன்னா அதையே நம்பி உக்காராதீங்க. அப்ளை பண்ணிட்டு வேலைக்குப் போங்க.

கணபதி ரைடர்:
மார்க் 71%தாங்க. கூரியர் கம்பெனில ஃப்ரான்சைஸ் கடைன்னு சொல்றாங்க, பரவால்லையா?

ரூட் மேப்:
அப்ப போர்டுல இருக்கற பேரைப் பாக்காதீங்க. டி.டி.டி.சி., எஸ்.டி. கூரியர் மாதிரி ஃப்ரான்சைஸ் கடையில சம்பளம் போடறது அந்தக் கடைக்காரர். அஞ்சாறு பேர் வேலை செய்யற கடைக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாயமே இல்ல. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர் இருக்கணும். அதனால அங்க ஏற்கனவே ஓட்டற ஒருத்தரோட பி.எஃப். பாஸ்புக்கை உமாங்ங்கற அரசு ஆப்ல காட்டச் சொல்லுங்க. போன மூணு மாசமும் பணம் ஏறியிருந்தா சேருங்க. ஏறலைன்னா பார்சல் ரேட்டே மேல். அப்படிப் போனா தமிழ்நாடு கிக் தொழிலாளர் (ஆப் மூலமா டெலிவரி மாதிரி வேலை செய்யறவங்க) நல வாரியத்துல பதிஞ்சுடுங்க, 2023லயே வந்தாச்சு.