ஈரானுக்கு எந்த மாதம் போகலாம்? போய் வந்தவர்களின் அனுபவம்

திருச்சியிலிருந்து:

ஈரான் என்றதும் வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பாலைவன ஊரு, பருத்தித் துணியா எடுத்துக்கோங்க." ஏப்ரல் முதல் வாரம். நானும் மனைவியும் அப்படியே பெட்டியைக் கட்டினோம். தெஹ்ரானில் இறங்கிய அன்று அது சரியாகத்தான் இருந்தது. இதமான வெயில், வடக்கே நிமிர்ந்து பார்த்தால் அல்போர்ஸ் மலை பனியோடு வெள்ளையாக நின்றது.

மூன்றாம் நாள் காஸ்பியன் கடல் பக்கம் போவதற்காகப் பழைய சாலூஸ் சாலையில் காரில் கிளம்பினோம். ஏற ஏற சாலையோரம் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. கந்தவான் சுரங்கத்துக்குள் நுழையும்போது மொட்டைப் பாறையும் நீல வானமும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் இருட்டைத் தாண்டி வெளியே வந்தால், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. கீழே இறங்க இறங்கக் காடு, அப்புறம் மழை. என் மனைவிக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டி ஓட்டிய பெரியவர் ஒன்றும் பேசாமல் ஓரமாக நிறுத்தி, டிக்கியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துக் கொடுத்தார். அதில் ஆரஞ்சுத் தோல் வாசம் அடித்தது. அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்துக்கொள்வோம்.

காஸ்பியனிலிருந்து வரும் ஈரக்காற்றை அல்போர்ஸ் மறித்து, வடக்குச் சரிவிலேயே கொட்டவைத்துவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் மூணாறு நனையும்போது போடி காய்கிறதே, அதே கதைதான். கடலோரத்து அன்சலியில் வருஷத்துக்கு 1,700 மி.மீ.க்கு அருகில் மழை. மலைக்குத் தெற்கே தெஹ்ரானின் பெரும்பகுதியில் 250 மி.மீ.கூடத் தேறாது. நாட்டின் நடுவே பாலைவன ஊரான யஸ்தில் 60 மி.மீ. பெய்தாலே அதிகம்.

காஸ்பியன் பக்கத்து ரஷ்த் ஊரில் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை. ஈரத்தோடே பெட்டியில் வைத்தோம். யஸ்தில் அதே துணியை விரித்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் மொடமொடவென்று ஆகிவிட்டது. ஆனால் அங்கே இரண்டாம் நாள் காலையில் எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது. பயந்துவிட்டோம். வறண்ட காற்றுதான் காரணம். இரவில் மூக்கின் உள்ளே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவியதும் சரியாகிவிட்டது. ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி, நீங்க பார்த்தது வடக்கு. நான் கப்பலில் இன்ஜின் வேலை. தெற்குத் துறைமுகமான பந்தர் அப்பாஸில் ஒரு ஜூலை மாதம் பதினோரு நாள் கிடந்தோம். தூத்துக்குடிக்காரனுக்கு வெயில் என்ன செய்யும் என்றுதான் நானும் நினைத்தேன். கேபின் ஏசியிலிருந்து டெக்குக்கு வந்த நொடியில் மூக்குக் கண்ணாடி முழுக்க நீராவி. துடைத்துப் போட்டால் மறுபடியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் மழை பெய்தது போல நீர் சொட்டுகிறது. அங்கே இதற்கு 'ஷர்ஜி' என்று பெயர். நம்ம புழுக்கம்தான், ஆனால் உயிரை எடுக்கிற புழுக்கம். 2015 ஜூலை கடைசியில் அதே வளைகுடாவின் வடகோடியில் பந்தர் மாஹ்ஷஹரில் வெப்பம் 46 டிகிரி. ஈரப்பதத்தையும் சேர்த்தால் உடம்புக்கு 74 டிகிரி போல என்று கணக்கிட்டார்கள்.

தெஹ்ரான் வீடுகளின் மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றி ஓடும் கூலர் இருக்கும். வறண்ட காற்றில் அது நன்றாகக் குளிரும். பந்தர் அப்பாஸில் அது உதவாது, சென்னையில் உதவாதது போலவே. கோடையில் தெற்கே தங்குகிறவர்கள் அறையில் ஏசி இருக்கிறதா, கூலரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் சொன்ன இதே ஊரில் ஜனவரியில் ஒருமுறை இறங்கினேன். நம்ம மார்கழி மாதிரி இருந்தது. எதிரே கெஷ்ம் தீவு முழுக்க வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்த குடும்பங்கள்.

பெங்களூரிலிருந்து:

நான் போனது நவம்பர் கடைசி. கெர்மானில் காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் புறப்பட்டோம். அந்த ஊர் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மலையைத் தாண்டி லூத் பாலைவன ஓரத்து ஷஹ்தாதில் இறங்கியதும் ஜாக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் மடியில். பேரீச்ச மரங்கள், நல்ல வெயில். நூறு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது.

லூத் பாலைவனத்தில் 70 டிகிரி என்று படித்துவிட்டுப் பலர் பயப்படுகிறார்கள். 2005-இல் செயற்கைக்கோள் அளந்த 70.7 டிகிரி தரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. அதற்காகக் கோடையில் அங்கே போய்விடாதீர்கள், அது விளையாட்டில்லை. நான் பயப்படாமல் போனது இரவுக் குளிருக்கு, அதில்தான் மாட்டிக்கொண்டேன். காற்று அரித்துச் செதுக்கிய கலூத் மண்மேடுகளுக்கு நடுவே படுத்தோம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் மணல் சில்லிட்டது. இரண்டு சாக்ஸ் போட்டும் தூக்கம் வரவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை கிடந்தேன். அவ்வளவு நட்சத்திரங்களை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

திருச்சியிலிருந்து:

தம்பி, தங்கச்சி இருவருக்கும் நன்றி. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். மாதத்தைக் கேட்பதற்கு முன்னால் ஊர்ப் பட்டியலைச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரும் எத்தனை மீட்டர் உயரம், மலைக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்சலி கடல் மட்டத்துக்கும் கீழே. தமாவந்த் சிகரம் 5,600 மீட்டர். ஷிராஸ், இஸ்ஃபஹான், யஸ்த் மட்டும் என்றால் ஏப்ரலும் அக்டோபரும் அருமை. வடமேற்கே உயரத்தில் இருக்கும் குளிர் ஊர்களான தப்ரீஸ், அர்தபீல் சேர்ந்தால் ஜூன் வரை பொறுங்கள். தென்கிழக்குக் கடலோரத்துச் சாபஹார் கோடையில்கூடத் தாங்கும், நம்ம தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையை லேசாகத் தொடுகிறது. கிழக்கு எல்லையில் சீஸ்தான் பக்கம் கோடையில் வேண்டாம். அங்கே '120 நாள் காற்று' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கண்ணைத் திறக்க முடியாத மண்.

பெட்டியில் ஒரு கம்பளிச் சால்வைக்கு இடம் வையுங்கள். எங்களிடம் இல்லாமல் போனது அது ஒன்றுதான்.