இமேஜர் பலகையில் டோஸ் சரிபார்ப்பு தேறவில்லை: உதவி தேவை

இழை தொடங்கியவர்:
சென்ற வாரத்திலிருந்து எங்கள் லினாக்கில் (புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் இயந்திரம்) விமேட் திட்டங்கள் (இயந்திரம் சுற்றியபடியே கதிர் தருபவை) எதுவும் இமேஜர் (கதிரைப் படமெடுக்கும் பலகை) வழிச் சரிபார்ப்பில் தேறவில்லை. முன்பு காமா (திட்டமிட்ட டோஸும் அளந்த டோஸும் ஒத்துப்போகும் புள்ளிகளின் விகிதம்) 97 சதவீதம் வந்த ஒரு திட்டத்தை மீண்டும் ஓட்டியபோது 88 மட்டுமே வந்தது. நாளை இரண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் உடனே சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எந்த ஆற்றல், பலகை எந்தத் தொலைவில், காமா அளவுகோல் என்ன? சென்ற வாரம் பழுதுபார்ப்பு ஏதேனும் நடந்ததா?

மறுமொழி 2:
மானிட்டர் யூனிட் (லினாக் வெளியிடும் கதிரின் அளவு) எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். பலகையின் சிலிக்கானில் சிக்கும் மின்னூட்டம் தாமதித்து வெளிவருவதால், குறைந்த யூனிட்டில் பலகை சில சதவீதம் குறைத்தே காட்டும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இதில்தான் முடிந்தன.

மறுமொழி 3:
அடிப்படையைப் படிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. இந்தப் பலகை நோயாளியின் கிடப்பு நிலையைப் படமெடுக்க உருவானது. அதன் கடோலினியம் ஒளிர்படலம் குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களுக்கு நீரைவிட மிகுதியாகத் துலங்கும் என்பதை மாணவர்கூட அறிவார். அயன் சேம்பரால் (டோஸை அளக்கும் கருவி) அளந்துவிட்டு வாருங்கள்.

மறுமொழி 4:
அந்தத் துலங்கல் சென்ற மாதமும் அப்படியேதான் இருந்தது. அப்போது தேறிய திட்டம் இப்போது ஏன் தேறவில்லை என்பதே கேள்வி. மாறியது எது என்று தேட வேண்டும்.

மறுமொழி 5:
அவசரமென்றால் காமா அளவுகோலை 3%/3 மி.மீ. (டோஸில் 3 சதவீதம், இடத்தில் 3 மி.மீ. வரை வேறுபாட்டை ஏற்பது) என வைத்துப் பாருங்கள், தேறிவிடும்.

மறுமொழி 4:
இதை நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம் அமைப்பின் 218ஆம் பணிக்குழு 2018இல் 3%/2 மி.மீ. அளவுகோலையும், 95 சதவீதத்தைப் பொறுதி எல்லையாகவும், 90 சதவீதத்தைச் செயல் எல்லையாகவும் (இதற்குக் கீழே போனால் நடவடிக்கை தேவை) பரிந்துரைத்தது. 88 என்பது செயல் எல்லைக்கும் கீழே. அளவுகோலைத் தளர்த்தினால் எண் உயரும். பிழை இருந்த இடத்திலேயே இருக்கும்.

மறுமொழி 5:
காமா சதவீதத்துக்கும் நோயாளி பெறும் டோஸுக்கும் உள்ள தொடர்பு தளர்வானது. ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு சிகிச்சையைத் தாமதப்படுத்துவதும் தீங்குதான்.

மறுமொழி 1:
அதனால்தான் எண்ணை விட்டுவிட்டு, வேறுபாட்டுப் படத்தில் பிழை எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல்கிறோம்.

இழை தொடங்கியவர்:
மன்னிக்கவும். 6 எம்வி, 100 செ.மீ., 3%/2 மி.மீ.; எல்லாத் திட்டங்களிலும் 300 யூனிட்டுக்கு மேல். பழுதுபார்ப்புக்குப் பின் பலகைக்கு மறு அளவீடு செய்தோம். மையத்தில் அயன் சேம்பருடன் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. ஆனால் இடப்பக்கம் ஏறத்தாழ 3 சதவீதம் மிகுதி. எல்லை நேர்கோடாக, கேன்ட்ரியிலிருந்து (லினாக்கின் சுழலும் பகுதி) கவுச்சை (நோயாளி படுக்கும் மேசை) நோக்கி ஓடுகிறது.

மறுமொழி 4:
இந்த ஒரு வரியில் விடை இருக்கிறது. பலகையைத் தாங்கும் கையிலிருந்து திரும்பி வரும் பின்சிதறலாக இருந்தால் வேறுபாடு கேன்ட்ரிப் பக்கத்துக்கும் கவுச் பக்கத்துக்கும் இடையே தோன்றும். உங்களுடையது இட-வல வேறுபாடு, அதுவும் கூரான விளிம்புடன். ஃப்ளட் ஃபீல்டு (பலகை முழுவதிலும் கதிர் விழச் செய்து எடுக்கும் அளவீட்டுப் படம்) எடுத்தபோது கவுச் கதிரின் பாதையில் பாதி நின்றிருக்கலாம். மேசை தடுத்த பகுதியில் சிக்னல் குறைந்து பதிவாகியிருக்கும். பின்னர் ஒவ்வொரு படமும் அதனால் வகுக்கப்படும்போது அப்பகுதி உயர்ந்து தெரியும். கவுச்சை முழுதும் விலக்கிவிட்டு, இரண்டு கேன்ட்ரிக் கோணங்களில் திறந்த புலம் ஒன்றை எடுங்கள். கோடு பலகையில் அதே இடத்தில் நின்றால் அளவீட்டுக் கோப்பில்தான் தவறு.

மறுமொழி 3:
ஃப்ளட் ஃபீல்டைப் புதுப்பித்தால், கதிரின் குறுக்குவடிவத் திருத்தத்தையும் டோஸ் அளவீட்டையும் மீண்டும் சரிபார்க்க மறக்க வேண்டாம்.

இழை தொடங்கியவர்:
கோடு நகரவில்லை. கவுச்சை விலக்கி ஃப்ளட் ஃபீல்டு மீண்டும் எடுத்து, டோஸ் அளவீட்டையும் சரிபார்த்தோம். அதே திட்டம் 97.4. நன்றி.