பிர்ச் தார் போட்ட லெதர் கலவையில் புகை நெடி: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி:
டாம் ஃபோர்டின் டஸ்கன் லெதர் பெர்ஃப்யூம் சாயலில், கையைக் கடிக்காத செலவில் வீட்டிலேயே கலக்கப் பார்க்கிறேன். 30 மி.லி. பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹாலில் பிர்ச் தார் (பிர்ச் மரப்பட்டையைச் சுட்டு எடுக்கும் கரிய எண்ணெய்) 20 சொட்டு, ராஸ்பெர்ரி எசென்ஸ் 10 சொட்டு. லெதர் வாசனையே காணோம். கருவாடு சுட்ட அடுப்படி மாதிரி நெடி அடிக்கிறது. காலரில் பழுப்புக் கறை வேறு. எங்கே தப்பு?

பதில் 1:
அளவும் தப்பு, சரக்கும் தப்பு. பிர்ச் தார் பழைய ரஷ்யத் தோலின் வாசனை. பூட்ஸும் புகையும் கலந்தது. 2007-இல் வந்த டஸ்கன் லெதரின் அடையாளம் அதுவல்ல. ராஸ்பெர்ரி, குங்குமப்பூ, மெத்தென்ற ஸ்வேட் தோல் (suede), இந்த மூன்றும்தான் அதன் முகம். சமையல் எசென்ஸும் உதவாது, அதில் பெரும்பங்கு கரைப்பான்தான்.

முக்கியமாக, பிர்ச் தார் பாட்டிலில் 'ரெக்டிஃபைடு' (சுத்திகரித்தது) என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் தோலில் படவே விடாதீர்கள். சுத்திகரிக்காத தாரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கும்.

பதில் 2:
20 கிராமுக்கு இந்தக் கணக்கில் தொடங்குங்கள் (ஆல்கஹால் தவிர மற்றவை பெர்ஃப்யூமில் போடும் வாசனைச் சேர்மங்கள்):

ஐசோ ஈ சூப்பர் 1.2 கி.
ஹெடியோன் 0.8 கி.
ஆம்ப்ராக்ஸன், 10% கரைசல் 0.3 கி.
சஃப்ராலீன், 10% கரைசல் 0.3 கி.
ராஸ்பெர்ரி கீட்டோன், 10% கரைசல் 0.2 கி.
ஐசோபியூட்டைல் குயினோலின், 10% கரைசல் 0.2 கி.
ஆல்கஹால் 17 கி.

லெதர் என்று மூக்குக்குச் சொல்வது குயினோலின்தான். ஆனால் ராட்சசன்! அளவு கூடினால் பச்சைக் கசப்பாகி, மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் கடைசியில், பாதி பாதியாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் காகிதப் பட்டையில் தொட்டுப் பாருங்கள். புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்த வாசனை எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், 0.2 வரை போயே ஆக வேண்டும் என்றில்லை.

கேட்டவர்:
நன்றிங்க. தராசு கட்டாயமா? சொட்டு எண்ணினால் போதாதா?

பதில் 2:
கட்டாயம். டிராப்பருக்கு டிராப்பர் சொட்டின் எடை மாறும். நன்றாக வந்த கலவையை மறுபடி செய்யவே முடியாது. 0.01 கி. காட்டும் நகைத்தராசு போதும். கலந்ததும் முடிவு செய்யாதீர்கள், ஆல்கஹால் காரம்தான் முதலில் தெரியும். இருட்டில் 2–3 வாரம் வையுங்கள். பிறகு முழங்கை மடிப்பில் ஒரு துளி விட்டு, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று 24 மணி நேரம் பாருங்கள்.

பதில் 3:
ஒரே ஒரு பாட்டில்தான் வேண்டுமென்றால் கலப்பதில் மிச்சமில்லை. மூலப்பொருள்களும் தராசும் சேர்ந்தே பாதிப் பணத்தைத் தின்றுவிடும். துபாய் பெர்ஃப்யூம் நிறுவனமான ரசாசியின் லா யுகாவாம் ஆண்கள் வகை அதே ராஸ்பெர்ரி லெதர் சாயல்தான், விலை மிகக் குறைவு. முதலில் 5 மி.லி. டிகான்ட் (பெரிய பாட்டிலிலிருந்து பிரித்து ஊற்றிய சின்ன அளவு) வாங்கிப் பாருங்கள். சட்டைக்குள் நெஞ்சில் இரண்டு ஸ்ப்ரே, அதற்கு மேல் நம் வெயிலில் தலைவலி. ஒரு மணி நேரத்தில் உங்களுக்கே வாசனை தெரியாமல் போனால் மறுபடி அடிக்காதீர்கள், மூக்கு பழகியிருக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

கேட்டவர்:
லேபிளில் 'ரெக்டிஃபைடு' இல்லை. கலவையை ஓரம் கட்டிவிட்டேன். முதலில் டிகான்ட், பிறகு தராசு.