புதிய ரவுட்டரில் அம்மாவின் டேப்லெட் மட்டும் இணையவில்லை

மதுரையில் எங்கள் வீட்டு ஃபைபர் ரவுட்டரைப் பத்து நாட்களுக்கு முன் மாற்றினார்கள். அன்றிலிருந்து அம்மாவின் டேப்லெட் (8 அங்குலம், ஆண்ட்ராய்டு 10, 2020இல் வாங்கியது) வைஃபையில் இணையவே இல்லை. கடவுச்சொல்லை ஏற்கிறது. ‘ஐபி முகவரியை (ரவுட்டர் கொடுக்கும் எண் முகவரி) பெறுகிறது’ என்று காட்டுகிறது. ஐந்து எண்ணுவதற்குள் ‘சேமிக்கப்பட்டது’ என்று பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. அதே மேசையில் என் கைபேசிக்கு எந்தத் தடையும் இல்லை.

நெட்வொர்க்கை நீக்கி மீண்டும் சேர்த்தேன். ரவுட்டர், டேப்லெட் இரண்டையும் அணைத்துப் போட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப் பெயர் வைத்தேன். வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3இலிருந்து டபிள்யூபிஏ2க்கு மாற்றினேன். சேனலை 1, 6, 11 என்று மாற்றினேன். தற்காலிக மேக் முகவரியை (கருவியை நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்) நிறுத்தி, டேப்லெட்டின் சொந்த முகவரியையே கொடுத்தேன். 192.168.1.50 என்று நிலையான ஐபி கொடுத்தபோது இணைந்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. என் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் உடனே இணைகிறது. ஆகவே டேப்லெட் பழுதில்லை என்றே நம்புகிறேன்.

இரவு எட்டு மணியானால் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டேப்லெட் முன் உட்கார்ந்துவிடுவார்; வெளியூரில் இருக்கும் பேரனோடு பேசும் நேரம் அது. படங்கள் அழிந்துவிடும் என்பதால் முழு ரீசெட் செய்ய மனமில்லை.

ரீசெட் செய்யாமல், ரவுட்டரில் நான் இன்னும் எந்த அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்?