புதுப்பிப்பு: "அறிக்கை தயாரித்து" என்பதில் ஒற்று மிகுமா?

அலுவலகச் சுற்றறிக்கையில் "அறிக்கை தயாரித்து அனுப்பவும்" என்று எழுதியதை மேலாளர் "அறிக்கைத் தயாரித்து" என்று திருத்தியது சரிதானா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இடையில் "த்" என்ற ஒற்று இல்லாத வடிவமே சரி என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

"அறிக்கையைத் தயாரித்து" என்று இரண்டாம் வேற்றுமை உருபான "ஐ" வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். அவ்வுருபு மறைந்து "அறிக்கை தயாரித்து" என்று தொகையாக நிற்கும்போது மிகாது. குழப்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது: அறிக்கை, கோரிக்கை, வருகை போன்ற சொற்கள் இயல்பாகவே ஐகாரத்தில் முடிவதால், அந்த ஐகாரத்தையே வேற்றுமை உருபு என்று கண் எடுத்துக்கொள்கிறது. (என் மேலாளர் மட்டுமல்லர், பலரும் இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன்.)

"அப்படியானால் வருகைப் பதிவேடு என்பதில் மட்டும் ஏன் ஒற்று வருகிறது?" என்று ஒருவர் எழுப்பிய ஐயம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அது வருகையைக் குறிக்கும் பதிவேடு என்று விரிவதால், உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகிறது; அதாவது "ஐ" உருபோடு "குறிக்கும்" என்ற விளக்கச் சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. தண்ணீர்க்குடம் (தண்ணீரை உடைய குடம்) போல அங்கே வல்லினம் மிகும். ஆகவே "வருகை பதிந்தபின்", "வருகைப் பதிவேடு" ஆகிய இரண்டும் ஒரே சுற்றறிக்கையில் பிழையின்றி இடம்பெறலாம்.

மேலாளரிடம் விதியை விளக்கினேன், ஏற்றுக்கொண்டார். ஆயினும் இனி உருபை விரித்தே எழுதும்படி கேட்டுக்கொண்டார். படிப்பவருக்கு ஐயம் எழாது என்பதால் எனக்கும் அதில் மறுப்பில்லை.